விதைநெல் இருக்கிறதா? முடி உதிர்வுக்கு மருந்தா, பிஆர்பியா, முடி நடவா, ‘ஸ்டெம் செல்’லா

திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்து வாசகர்கள் முடி உதிர்வு பற்றிக் கேட்பது பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. “மருந்து போட்டா ஆயுசுக்கும் போடணும்னு சொல்லுதாவ. பிஆர்பின்னா நம்ம ரத்தத்தையே எடுத்து மாசாமாசம் தலையில ஊசி. முடி நட்டா லட்சக்கணக்குல ஆகும். ஸ்டெம் செல் போட்டா ஒரே தடவையில வேரே புதுசா வந்துருமாமே, பேசாம அதுக்கே போயிரலாமா?”

போக வேண்டாம் என்பதுதான் எங்கள் பதில். மற்ற வழிகளில் எது யாருக்குப் பொருந்தும் என்பதற்கு ஒரே வரியில் பதில் இல்லை. அதற்கு மயிர்க்காலுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

## எடைபோட ஐந்து கேள்விகள்

எந்தச் சிகிச்சையை யார் சொன்னாலும் இந்த ஐந்தையும் கேளுங்கள்.

1. முடி போன இடத்தில் குருத்தணுக்கள் (புதுப்புது அணுக்களைப் பிறப்பிக்கும் மூல அணுக்கள்; விளம்பரப் பலகையில் ‘ஸ்டெம் செல்’ என்று போடுவது இதைத்தான்) இன்னும் உயிரோடு இருக்கின்றனவா?
2. இந்தச் சிகிச்சை அவற்றை எழுப்புகிறதா, வேறிடத்துக்குப் பெயர்க்கிறதா, இல்லை, பெயரை மட்டும் சொல்கிறதா?
3. மனிதர்களிடம் சோதித்துப் பார்த்த சான்று எவ்வளவு?
4. நிறுத்தினால் என்ன ஆகும்?
5. முதல் பில் இருக்கட்டும், பத்து வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு?

முதல் கேள்விதான் தலையானது. அதற்குப் பதில் தெரியாமல் பணம் கட்டுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரும்பாலான நஷ்டங்களுக்குக் காரணம்.

## மயிர்க்காலுக்குள் இருக்கும் பத்தாயம்

உடம்பு புல்லரிக்கும்போது முடியை நிமிர்த்துவது ஒரு குட்டித் தசை. அது மயிர்க்காலில் வந்து ஒட்டும் இடத்தில், எண்ணெய்ச் சுரப்பிக்குச் சற்றுக் கீழே, ஒரு சிறு புடைப்பு உண்டு. முடியை உண்டாக்கும் குருத்தணுக்கள் குடியிருப்பது அங்கேதான் என்று 1990இல் கண்டறிந்தார்கள். அதுவரை, முடியின் அடிக்குமிழில்தான் அவை இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

நம் ஊர் வயல் கணக்கில் சொன்னால் அந்தப் புடைப்பு விதைநெல் வைத்த பத்தாயம். காருக்கும் பிசானத்துக்கும் நடுவே வயல் தரிசாகக் கிடப்பதுபோல மயிர்க்காலுக்கும் பருவம் உண்டு. வளரும் பருவம் 2 முதல் 6 வருஷம். சுருங்கும் பருவம் இரண்டு மூன்று வாரம். ஓய்வு சுமார் 3 மாதம். ஓய்வு முடிந்ததும் பத்தாயத்திலிருந்து கொஞ்சம் விதை எடுக்கப்பட்டு நாற்றாகி, புது முடி கிளம்பும்போது பழையது விழுகிறது. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருப்பதால் நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை விழுவது இயல்பு.

பரம்பரை வழுக்கையில் என்ன கெடுகிறது? 2011இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரே ஆளின் தலையில் வழுக்கை விழுந்த இடத்தையும் முடி உள்ள இடத்தையும் எடுத்து ஒப்பிட்டார்கள். வழுக்கை இடத்தில் குருத்தணுக்கள் குறையவில்லை. அவற்றிலிருந்து பிறந்து முடியைக் கட்டும் அடுத்த தலைமுறை அணுக்கள்தான் வெகுவாகக் குறைந்திருந்தன. அதாவது விதைநெல் அப்படியே கிடக்கிறது, நாற்றுதான் இல்லை. டிஹெச்டி என்ற ஆண் ஹார்மோனின் தாக்கத்தால் ஒவ்வொரு பருவத்துக்கும் மயிர்க்கால் சிறுத்து, கனத்த முடி பூனைமுடி ஆகிறது.

கட்டுரையின் மற்றதெல்லாம் இந்த ஒரு கண்டுபிடிப்பைத்தான் சுற்றி நிற்கிறது. வழுக்கைக்கு விதை இல்லாதது காரணமல்ல என்றால், வெளியிலிருந்து விதை கொண்டுவந்து கொட்டுகிறேன் என்பவரிடம் நாம் எதற்குப் போக வேண்டும்?

மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்ற நம்பிக்கைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. சவரக்கத்தி அறுப்பது தோலுக்கு மேலே நிற்கும் உயிரற்ற தண்டை. பத்தாயம் தோலுக்குள் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே இருக்கிறது, அதற்குச் சவரம் நடந்ததே தெரியாது. நுனி மழுங்கி வெட்டுப்பட்ட முடி, கைக்குத் தடிப்பாகப் படுகிறது, அவ்வளவுதான்.

## பணம் கட்டுவதற்கு முன்: உங்களுடையது எந்த வகை?

சீப்பில் வந்த முடிகளில் இருபதை வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் கடுகில் பாதிகூட வராத வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து விழுந்தது. குமிழே இல்லாமல் இருபுறமும் ஒரே மாதிரி இருந்தால் தண்டு நடுவில் முறிந்திருக்கிறது. ‘போர் தண்ணி உப்பு, அதான் கொட்டுது’ என்று சொல்பவர்களில் பலருடையது இந்த இரண்டாம் வகை. உப்புத் தண்ணீர் தண்டைச் சொரசொரப்பாக்கி முறிக்கலாம், பத்தாயத்தைத் தொடாது. கடைசிச் செம்பு நல்ல தண்ணீரில் அலசி, ஈரத்தோடு சீவாமல் இருந்தாலே இது குறையும். இதற்கு ஊசியும் வேண்டாம், நடவும் வேண்டாம்.

காய்ச்சலுக்குப் பின் கொட்டுவது. டெங்கு, டைபாய்டு, பிரசவம், பெரிய ஆபரேஷன், பட்டினி கிடந்து எடை குறைத்தது. இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கைப்பிடி கைப்பிடியாக விழும். நிறைய மயிர்க்கால்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போனதன் விளைவு அது. குருத்தணுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு மூன்றையும் பார்த்து, குறை இருந்தால் சரிசெய்துவிட்டுக் காத்திருந்தால் ஆறு மாதத்தில் பெரும்பாலும் தானே திரும்பும். இந்த ஆறு மாதத்துக்குள் எதை வாங்கிப் பூசினாலும் அதுதான் முளைக்க வைத்தது என்று தோன்றும். பல எண்ணெய்களின் பேர் இப்படித்தான் பரவுகிறது.

புழுவெட்டு. காசு அளவுக்கு வட்டமாகப் போவது. உடம்பின் எதிர்ப்பு அணுக்களே மயிர்க்காலின் அடிக்குமிழைத் தாக்குவதால் வருகிறது. புழு எதுவும் வெட்டவில்லை. புடைப்பு தப்பிவிடுவதால் முடி திரும்ப வர வாய்ப்பு நன்றாகவே உண்டு. சின்ன வெங்காயம் தேய்த்து முளைத்தது என்பவர்களுக்குத் தானாகவும் முளைத்திருக்கலாம். சிறு வட்டத்துக்குத் தோல் மருத்துவர் உள்ளே போடும் ஸ்டீராய்டு ஊசிதான் வழக்கமான சிகிச்சை.

தழும்பு வழுக்கை. கவனிக்க வேண்டியது இதைத்தான். லைக்கன் பிளானஸ், டிஸ்காய்டு லூப்பஸ் போன்ற நோய்களில் தாக்குதல் நேராகப் புடைப்பின் மேல் விழுகிறது. பத்தாயமே எரிந்துபோகிறது. தோல் வழவழவென்று, துவாரமே தெரியாமல் இருக்கும். ஓரத்தில் சிவப்பு, செதில், எரிச்சல் இருக்கலாம். இதில் ஒவ்வொரு வாரத் தாமதமும் திரும்ப வராத இழப்பு. தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப்பில் பார்த்தும் தெளிவாகவில்லை என்றால் 4 மி.மீ. அளவுக்குத் தோல் எடுத்துப் பயாப்ஸி செய்வார்கள். நோய் ஓயாத தலையில் முடி நட்டால் நட்டதையும் அது தின்றுவிடும். இறுக்கிப் பின்னி, கனமாகப் பிச்சிப்பூச் சரம் வைத்து வருஷக்கணக்கில் இழுபடும் நெற்றியோரமும் ஆரம்பத்தில் சரியாகக்கூடியதுதான். விட்டுவிட்டால் அதுவும் தழும்பாகிவிடும்.

இந்தப் பிரிவினையைச் செய்துதர லட்சங்கள் தேவையில்லை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் புறநோயாளியாகப் போகலாம். தனியார் என்றால் பலகையில் எம்.டி. அல்லது டிப்ளமோ, தோல் நோய் என்று இருக்கிறதா, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ‘டிரைகாலஜிஸ்ட்’ (முடி நிபுணர்) என்ற சொல் மட்டும் இருந்தால் அது மருத்துவப் பட்டம் ஆகாது.

இனி வருவது பரம்பரை வழுக்கைக்கான வழிகள்.

## வழி 1: மருந்து

மினாக்சிடில். ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மாத்திரையில், சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத் தலைக்குப் பூசும் மருந்தாக்கினார்கள். அமெரிக்காவில் 1988இல் அனுமதி கிடைத்தது. ஓய்விலிருக்கும் மயிர்க்காலைச் சீக்கிரம் வளரும் பருவத்துக்குத் தள்ளி, அந்தப் பருவத்தையும் நீட்டுகிறது.

ஆண்களுக்கு 5% திரவம் தினம் இரு வேளை 1 மி.லி. பெண்களுக்கு 2% இரு வேளை அல்லது, டாக்டர் சொன்னால், 5% ஒரு வேளை. வகிடு வகிடாகப் பிரித்து, முடியில் படாமல் காய்ந்த தோலில் விட வேண்டும். நான்கு மணி நேரம் தலை குளிக்கக் கூடாது. தேங்காயெண்ணெய் தேய்த்த தலையில் இதைப் பூசினால் மருந்து எண்ணெய்ப் படலத்திலேயே நின்றுவிடும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் குளித்துத் துவட்டிய பிறகு பூசுங்கள். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தலையணை வழியாகக் கன்னத்திலும், பக்கத்தில் படுக்கும் குழந்தை மேலும் படும். வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் கவனம் தேவை. சிந்திய துளியை நக்கினாலே பூனைக்கு உயிராபத்து.

எங்கே தவறுகிறது என்றால், முதல் இரண்டு மாதத்தில். பழைய முடியைத் தள்ளிவிட்டுத்தான் புதுசு கிளம்பும் என்பதால் ஆரம்பத்தில் அதிகமாக விழும். மருந்து வேலை செய்கிறது என்பதன் அடையாளம் இது. பெரும்பாலோர் இதைப் பார்த்துப் பயந்து, வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். நாலு முதல் ஆறு மாதம் தொடர்ந்து போடாமல் பலன் இல்லை என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. அரிப்பும் செதிலும் வந்தால் பெரும்பாலும் திரவத்திலுள்ள புரொப்பிலீன் கிளைக்கால்தான் காரணம். அது இல்லாத நுரை வடிவத்துக்கு மாறலாம்.

குறைந்த அளவு மினாக்சிடில் மாத்திரையும் இப்போது டாக்டர்கள் எழுதுகிறார்கள். கால் வீக்கம், படபடப்பு வரலாம் என்பதால் இதய நோய் உள்ளவர்கள் தாமாக வாங்கிப் போடவே கூடாது. கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் எந்த வடிவத்திலும் தவிர்க்க வேண்டும்.

ஃபினாஸ்டெரைட். ஆண்களுக்குத் தினம் 1 மி.கி. மாத்திரை. 1997இல் அமெரிக்க அனுமதி. ரத்தத்தில் டிஹெச்டியைச் சுமார் 70% குறைக்கிறது. மினாக்சிடில் உரம் என்றால் இது களைக்கொல்லி. இருக்கும் முடியைக் காப்பாற்றுவதில் இதன் பங்கு பெரியது. ஒரு வருஷம் சாப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும்.

நூற்றில் ஒருசிலருக்கு ஆண்மை நாட்டம் குறையலாம், விறைப்பில் சிக்கல் வரலாம். பெரும்பாலோருக்கு நிறுத்தினால் சரியாகிறது, சிலருக்கு நீடித்ததாகவும் பதிவுகள் உண்டு. மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் பற்றிய எச்சரிக்கையும் இருப்பதால், ஏற்கெனவே மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது. புராஸ்டேட் சோதனையில் பிஎஸ்ஏ அளவைப் பாதியாகக் காட்டும் என்பதால், 50 வயதைத் தொட்டவர்கள் அந்தச் சோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போது இந்த மாத்திரையைச் சொல்லியே தீர வேண்டும். ரத்த தானம் செய்பவர்கள் நிறுத்தி ஒரு மாதம் கழித்துத்தான் கொடுக்கலாம். கருவிலிருக்கும் ஆண் குழந்தைக்குக் கேடு என்பதால், கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைக் கையாலும் தொடக் கூடாது.

செலவு. இரு வேளை பூசினால் 60 மி.லி. பாட்டில் சரியாக 30 நாள். வருஷத்துக்கு 12, பத்து வருஷத்துக்கு 120 பாட்டில். கடையில் விலையைக் கேட்டு இதால் பெருக்கிப் பாருங்கள், மக்கள் மருந்தகத்திலும் கேளுங்கள். ஒரே மருந்து, கம்பெனிக்குக் கம்பெனி விலை வெகுவாக மாறும். நிறுத்தினால் மூன்று நாலு மாதத்தில், மருந்தால் நின்ற முடி போகத் தொடங்கும். மருந்தே போடாதிருந்தால் தலை எந்த நிலையில் இருந்திருக்குமோ அந்த நிலைக்கு வரும். அதைவிட மோசமாகாது.

## வழி 2: பிஆர்பி, ஜிஎஃப்சி

உங்கள் ரத்தத்தையே 10 முதல் 20 மி.லி. எடுத்து, சுழற்றும் இயந்திரத்தில் வைத்து, தட்டணுக்கள் செறிந்த மஞ்சள் நீரைப் பிரித்து, தலைத்தோலில் சிறுசிறு ஊசியாகப் போடுவது பிஆர்பி. தட்டணுக்களை முதலிலேயே தூண்டி, அவை விடும் வளர்ச்சிக் காரணிகளை மட்டும் பிரித்தெடுத்தால் அது ஜிஎஃப்சி. இரண்டிலும் குருத்தணு கிடையாது. புடைப்பில் இருக்கும் குருத்தணுவுக்குப் போகும் தூது மட்டுமே உண்டு. இதை யாராவது ‘ஸ்டெம் செல் ஊசி’ என்று சொன்னால் அங்கேயே எழுந்துவிடலாம்.

சான்று நடுத்தரம். பல சிறு ஆய்வுகளில் அடர்த்தி கூடியிருக்கிறது, சிலவற்றில் வெறும் உப்புநீருக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு வேகம், எத்தனை நிமிடம், எத்தனை மடங்கு தட்டணு என்பது வேறுவேறாக இருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். மாதம் ஒன்றாக மூன்று நாலு முறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது வழக்கமான முறை.

விளம்பரத்தில் சொல்லாதது அந்தப் ‘பிறகு’தான். பேக்கேஜில் மூன்று சிட்டிங் எழுதியிருக்கும். அதன்பின் வருஷத்துக்கு இரண்டு வீதம் பத்து வருஷத்தில் இருபது. சங்கரன்கோவிலிலிருந்தோ வள்ளியூரிலிருந்தோ வருபவருக்கு ஒவ்வொன்றும் ஒரு நாள் கூலி, ஒரு பஸ் பயணம். போட்ட அன்று தலை விண்விண்ணென்று இருக்கும். அதற்காக ப்ரூஃபென் வகை மாத்திரை போட்டால் தட்டணுவின் வேலையைத் தடுக்கும் என்பதால், முன்னும் பின்னும் ஒரு வாரம் அதைத் தவிர்க்கச் சொல்வார்கள். பாராசிட்டமால் போதும். தட்டணு குறைந்தவர்கள், ரத்தம் இளக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், தலையில் புண், கிருமித் தொற்று உள்ளவர்களுக்கு இது வேண்டாம். டியூபையும் ஊசியையும் உங்கள் கண்முன் உறை பிரிக்கச் சொல்லுங்கள்.

மருந்துக்குக் கூடுதல் துணையாக இது நல்லது. மருந்துக்குப் பதிலாக எடுத்தால் காசுக்கேற்ற பலன் இல்லை. ஃபினாஸ்டெரைட் சாப்பிட முடியாத பெண்களுக்கு மட்டும் மினாக்சிடிலோடு சேர்த்து இதை யோசிக்க நியாயம் அதிகம்.

## வழி 3: முடி நடவு

குருத்தணுவை உயிரோடு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பெயர்ப்பது, முடி விஷயத்தில் இன்று உண்மையாகவே நடப்பது இது ஒன்றுதான். பிடரியிலுள்ள மயிர்க்கால்களை டிஹெச்டி பெரிதாகப் பாதிப்பதில்லை. அவற்றை எங்கே நட்டாலும் பிடரிக் குணத்தோடுதான் இருக்கும் என்று 1959இல் நியூயார்க்கின் தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் காட்டினார். இன்றைய நடவு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

முடி எடுப்பதில் இரண்டு முறை உண்டு. எஃப்யூடியில் பிடரித் தோலைப் பட்டையாக எடுத்துத் தைப்பார்கள், கோடாகத் தழும்பு நிற்கும். எஃப்யூஇயில் ஒரு மி.மீ.க்குள் வாயுள்ள குழல் கருவியால் ஒவ்வொரு கொத்தாக எடுப்பார்கள், புள்ளி புள்ளியாகத் தழும்பு. ஒரு கொத்தில் ஒன்று முதல் நாலு முடி.

கணக்கை நீங்களே போடலாம். முன்நெற்றியில் 10 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம் என்றால் 50 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 35 கொத்து நட்டால் 1,750 கொத்து வேண்டும். ‘5,000 கொத்து ஒரே நாளில்’ என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். பெரும்பாலோருக்குப் பிடரியில் ஆயுள் முழுவதற்கும் பாதுகாப்பாக எடுக்க முடிவதே நாலாயிரத்திலிருந்து ஆறாயிரம் வரைதான். எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது. அந்த விதைநெல்லை 24 வயதிலேயே முன்நெற்றிக்குச் செலவழித்துவிட்டால் 40 வயதில் உச்சி காலியாகும்போது கையில் ஒன்றும் இருக்காது.

நடவு ஏன் தவறுகிறது? எடுத்த கொத்து காய்ந்துபோவது முதல் காரணம். குளிர்ந்த உப்புநீரில் ஊறாமல் சில நிமிடம் காற்றில் கிடந்தாலே சாகத் தொடங்கும். மணிக்கணக்கில் வெளியே இருக்க இருக்கப் பிழைப்பது குறையும். அடுத்தது, கருவி சாய்ந்து மயிர்க்கால் அறுபடுவது. அடிக்குமிழ் மட்டும் அறுந்தால் புடைப்பு இருப்பதால் சில சமயம் முளைத்துவிடும். புடைப்பிலேயே வெட்டு விழுந்தால் போனதுதான். கோணம் தவறினால் முடி முளைத்தும் பொம்மைத் தலைபோல் நிற்கும். இவை மூன்றும் ஆளின் கைப்பக்குவம். அதனால்தான் யார் கத்தி பிடிக்கிறார்கள் என்பது முக்கியம். பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்தது பயிற்சி ஆகாது, தகுதியுள்ள மருத்துவர்தான் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் சொல்லிவிட்டது. “துளை போடுவதும் கொத்து எடுப்பதும் டாக்டரா, டெக்னீஷியனா? மயக்க ஊசியில் ஒவ்வாமை வந்தால் என்ன ஏற்பாடு?” என்று முன்கூட்டியே கேளுங்கள். மரப்புக்குப் போடும் லிக்னோகெய்னுக்கு உடல் எடைக்கேற்ற உச்ச அளவு உண்டு. எட்டு மணி நேர நடவில் அது மீறப்பட்டால் வலிப்பும் இதய நிறுத்தமும் வரலாம்.

நட்ட முடி இரண்டாவது வாரத்திலிருந்து ஒரு மாதத்துக்குள் கொட்டிவிடும். பயிர் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், குருத்தணு உள்ளே ஓய்வில் இருக்கிறது. மூன்று நாலு மாதத்தில் முளைத்து, முழுப் பலன் தெரிய ஒரு வருஷமாகும். முதல் பத்து நாள் பொருக்கைப் பிய்க்காமல், இரண்டு வாரம் ஹெல்மெட் உரசாமல் பார்க்க வேண்டும். அதனால் பைக்கில்தான் வேலைக்குப் போக வேண்டியவர்கள் அந்த நாட்களுக்கு லீவு கணக்கிடுங்கள். சித்திரை வெயிலில் நேரடியாக நிற்கக் கூடாது. குற்றாலம் சீசனுக்கு ஒரு மாதம் முன் நட்டுக்கொண்டு அருவியில் தலை கொடுக்கும் யோசனையும் வேண்டாம்.

இதில் பலருக்கும் சொல்லப்படாத செலவு, மருந்து. நடவு நட்ட முடியைத்தான் தருகிறது, பக்கத்தில் இருக்கும் பழைய முடியைக் காப்பாற்றுவதில்லை. மருந்தை விட்டால் நட்டது தீவுபோல் நிற்க, சுற்றிலும் காலியாகும். மருந்திலிருந்து தப்பிக்க நடவுக்கு வருபவர்கள் இரண்டுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியதாகும்.

## வழி 4: ‘ஸ்டெம் செல்’ பேக்கேஜ்

இந்தப் பெயரில் விற்கப்படுவது ஒன்றல்ல. வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி அதிலிருந்து பிரித்த அணுக்கலவை இருக்கலாம். காதுக்குப் பின்னாலிருந்து சிறு தோல் துண்டுகள் எடுத்து அரைத்து வடிகட்டிய நீராக இருக்கலாம். வேறொருவருடைய அணுக்கள் விட்ட நுண்குமிழிகள், அதாவது எக்சோசோம், அடைத்த குப்பியாக இருக்கலாம். ஆப்பிளின் அணுவிலிருந்து எடுத்த சாறாக இருக்கலாம். வெறும் பிஆர்பியாகவும் இருக்கலாம். ஐந்தும் ஐந்து வேறு பொருள்கள். எது என்று எழுத்தில் கேட்டாலே பாதிப் பேச்சு அடங்கிவிடும்.

குருத்தணு சிகிச்சையே பொய் என்று இதற்குப் பொருளல்ல. தீக்காயத்துக்குத் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டுகிறார்களே, எடுத்த இடம் இரண்டு வாரத்தில் மூடிக்கொள்வது அங்கே மிஞ்சிய மயிர்க்கால், வியர்வைச் சுரப்பிகளிலுள்ள குருத்தணுக்களால்தான். 1975இல் மனிதத் தோல் அணுக்களை ஆய்வகத்தில் வளர்க்கும் முறை வந்தது, 1980களில் உடல் முழுக்க வெந்த குழந்தைகளுக்கு அப்படி வளர்த்த தோலை ஒட்டிக் காப்பாற்றினார்கள். 2017இல், பிறவி நோயால் தோல் உரிந்துகொண்டே இருந்த ஒரு சிறுவனுக்கு, மரபணு திருத்திய அவனுடைய குருத்தணுக்களிலிருந்தே உடலின் சுமார் 80% தோலை ஜெர்மனியில் புதுப்பித்ததாக அறிக்கை வெளியானது. இவையெல்லாம் தூய ஆய்வகம், மாதக்கணக்கான வளர்ப்பு, கடுமையான கண்காணிப்பு என்று நடந்தவை. ஒரு மதிய நேரத்தில் கிளினிக்கில் முடிகிற வேலை அல்ல.

முடிக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. தோல் ஒரு விரிப்பு, மயிர்க்கால் ஓர் உறுப்பு. குருத்தணுவும் அடியிலுள்ள வேறு வகை அணுக்களும் சரியான இடத்தில், சரியான திசையில் பேசிக்கொண்டால்தான் அது உருவாகும். கலவையாக ஊசியில் ஏற்றிய அணுக்கள் அப்படிப் போய் அடுக்கிக்கொள்வதில்லை.

சட்டமும் தெளிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற ரத்தக் குருத்தணு சிகிச்சைகள் தவிர மற்றதெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வுக்குள்தான் நடக்க வேண்டும். வழுக்கை அந்த விலக்கில் இல்லை. எக்சோசோம் எதற்கும் அனுமதி கிடையாது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2019இல் பொதுமக்களை எச்சரித்தது. ‘நாங்கள் ஆய்வாகத்தான் செய்கிறோம்’ என்றால் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேடு, CTRI) பதிவு எண்ணைக் கேளுங்கள். உண்மையான மருந்து ஆய்வில் பங்கேற்பவரிடம் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது. பில் கொடுத்தால் அது ஆய்வல்ல.

பிரசவத்தில் தொப்புள்கொடி ரத்தம் சேமித்தவர்கள் ‘அதை முடிக்கு எடுக்கலாமா’ என்று கேட்கிறார்கள். அதில் இருப்பது ரத்தம் உண்டாக்கும் குருத்தணு. முடிக்கு உதவாது.

## ஒரே பார்வையில்

| | மருந்து | பிஆர்பி, ஜிஎஃப்சி | நடவு | ‘ஸ்டெம் செல்’ |
|---|---|---|---|---|
| குருத்தணுவுக்கு | எழுப்புகிறது, டிஹெச்டியைத் தடுக்கிறது | தூண்டுகிறது | உயிரோடு பெயர்க்கிறது | பெரும்பாலும் பெயர் மட்டும் |
| சான்று | வலுவானது | நடுத்தரம் | வலுவானது | போதாது |
| பலன் தெரிய | 4–12 மாதம் | 3–6 மாதம் | 12 மாதம் | சொல்வதற்கில்லை |
| நிறுத்தினால் | 3–4 மாதத்தில் குறையத் தொடங்கும் | மெல்லக் குறையும் | நட்டது நிற்கும், பழையது போகும் | — |
| சொல்லாத செலவு | வருஷம் 12 பாட்டில் | வருஷம் 2 சிட்டிங், பயணம் | கூடவே மருந்து, லீவு | முழுத் தொகையுமே |

## தோலுக்கு ‘ஸ்டெம் செல்’ கிரீம்

இதற்கு நீளமான ஒப்பீடு தேவையில்லை. டப்பாவில் உயிருள்ள குருத்தணு தங்காது. இருப்பது செடிச்சாறு, அது ஈரப்பதம் தரும். மேல்தோல் ஏற்கெனவே தன் குருத்தணுக்களால் இளவயதில் சுமார் நான்கு வாரத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்கிறது, வயதாக ஆக நாள் கூடும். அந்தப் புதுப்பிப்பைத் துரிதப்படுத்துவதாக நன்றாகச் சோதிக்கப்பட்டது டிரெட்டினாயின் 0.025%. முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு, ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில், பகலில் கட்டாயம் சன்ஸ்கிரீன். பலனுக்கு மூன்று மாதமாவது வேண்டும், கர்ப்பிணிகளுக்குக் கூடாது. மெடிக்கலில் ‘வெள்ளையாகும்’ என்று கொடுக்கும் கிரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது தோலை மெலிதாக்கிவிடும். டியூபின் பின்புறம் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் வாங்காதீர்கள்.

வெண்புள்ளி உள்ளவர்களுக்கு ஒன்று. வெளிறிய இடத்தில் நிறம் திரும்பும்போது முடியடிதோறும் பழுப்புப் புள்ளியாகத் தொடங்கும். நிறமிக் குருத்தணுக்கள் மயிர்க்காலில்தான் தங்கியிருக்கின்றன. ஆகவே முடியில்லாத உதடு, விரல்நுனி, முடியே நரைத்துவிட்ட இடங்களில் பூச்சு மருந்து அவ்வளவாக வேலை செய்யாது. ஒரு வருஷமாகப் பரவாமல் நிற்கிறது என்றால் அங்கே தோல் ஒட்டு பற்றிக் கேட்கலாம்.

## யாருக்கு எது

22 வயது, நெற்றியோரம் ஏறத் தொடங்கியிருக்கிறது, அப்பாவுக்கும் தாய்மாமாவுக்கும் வழுக்கை: மருந்து மட்டும். நடவு இப்போது வேண்டவே வேண்டாம், வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல் விதைநெல்லைச் செலவழிப்பது அது.

35 வயதுக்கு மேல், ஒரு வருஷம் மருந்து போட்டும் முன்பக்கம் காலி, பிடரி அடர்த்தி: நடவுக்கு ஏற்ற ஆள். மருந்தைத் தொடர மனமில்லை என்றால் நடவுக்கும் பொருத்தமில்லை.

வகிடு அகலமாகும் பெண்கள்: முதலில் ஃபெரிட்டின், தைராய்டு, மாதவிடாய் ஒழுங்கு. பிறகு மினாக்சிடில், வசதி இருந்தால் பிஆர்பி துணைக்கு.

எல்லாப் பக்கமும் பளபளவென்று பல வருஷமாக இருக்கிறது, பிடரியும் மெலிது: மருந்தும் நடவும் இரண்டுமே ஏமாற்றமே தரும். நல்ல விக் ஒன்று இவற்றைவிடக் குறைந்த செலவு.

திருச்செந்தூரில் மொட்டை போடும் நேர்த்தி பாக்கி இருப்பவர்கள் அதை நடவுக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். எஃப்யூஇக்குப் பெரும்பாலும் பிடரியை ஒட்ட மழிக்கத்தான் செய்வார்கள். பின்னால் ஒருநாள் மொட்டை போட்டால் அந்த வெள்ளைப் புள்ளித் தழும்புகள் பிடரி முழுக்கத் தெரியும், எஃப்யூடி என்றால் கோடு தெரியும். அடர்த்தியை டெர்மாஸ்கோப்பில் எண்ணுவதும், ஒரே வெளிச்சத்தில் நாலு பக்கமும் போட்டோ எடுப்பதும் மொட்டைக்கு முன்னால் நடக்கட்டும். முடி நாளுக்கு மூன்றில் ஒரு மி.மீ. வளரும். மொட்டை போட்டு ஒரு வாரம் கழித்துப் போனால், குழல் கருவிக்குத் திசை தெரியும் அளவுக்கு, இரண்டு மில்லிமீட்டருக்கு முடி நின்றிருக்கும்.